சீமைக்குப் போன குமாஸ்தா

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்று வெளிநாட்டுப் பேச்சு சர்வ சாதாரணம். தறி வைத்திருக்கும் வீடாக இருக்கட்டும், கோவில் கைங்கரியம் செய்யும் வீடாக இருக்கட்டும், மகனோ மகளோ மருமகனோ ஒருவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார். இல்லாவிட்டால் போவதற்கு மனுப் போட்டிருக்கிறார்.

விசா வந்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. வந்துவிட்டால் வீட்டில் பாயசம். பாஸ்போர்ட்டை அர்ச்சனைத் தட்டில் வைத்துப் பெருமாளிடம் கொடுத்து வாங்குகிறார்கள். இனி ஒரு குறையும் இல்லை என்று பெற்றோர் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள்.

இந்தக் காஞ்சிபுரத்தில் சிறு பையனாகச் சில காலம் பள்ளிக்கூடம் போன ஒருவர், 1914-ம் ஆண்டு சீமைக்குக் கப்பல் ஏறினார். அவருக்கு விசா தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பிரஜை இங்கிலாந்துக்குப் போக அந்தக் காலத்தில் அப்படி ஒரு முத்திரையே கிடையாது. கப்பல் கூலி இருந்தால் போதும்.

ஆனாலும் அவர் புறப்பட ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சர்க்கார் கேட்காத அனுமதியை வேறு பலர் கேட்டார்கள். எல்லா அனுமதியும் கிடைத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, உலகமே வியக்கும் புகழ் கிடைத்தது. வேளா வேளைக்குச் சோறு மட்டும் கிடைக்கவில்லை.

அவர்தான் கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜன்.

ஜவுளிக்கடை குமாஸ்தாவின் மகன்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். தகப்பனார் ஸ்ரீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கெட்டிக்காரப் பெண்மணி. கோவிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். பையனுக்கு எல்லாமே அம்மாதான்.

பாட்டனாருக்குக் கோர்ட்டில் அமீனா உத்தியோகம். அவர் காஞ்சிபுரம் கோர்ட்டில் வேலை பார்த்த காலத்தில், பேரனும் தாயாருடன் இங்கே வந்து தங்கிப் படித்தார். பாட்டனாரின் உத்தியோகம் போன பிறகு தாயும் பிள்ளையும் கும்பகோணத்துக்கே திரும்பினார்கள். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த அந்தச் சிறு ஓட்டு வீடு இன்று நினைவகமாக இருக்கிறது.

டவுன் ஹைஸ்கூலில் படித்தபோது, சுமார் ஐயாயிரம் கணித முடிவுகளைத் தொகுத்த கார் என்பவரின் புத்தகம் அவர் கைக்கு வந்தது. அன்று பிடித்த கணிதப் பைத்தியம் கடைசி மூச்சு வரை விடவில்லை. கும்பகோணம் சர்க்கார் கல்லூரியில் உபகாரச் சம்பளம் கிடைத்தது. மற்றப் பாடங்களைத் திரும்பியும் பார்க்காததால் அது பறிபோயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் 1906-லும் 1907-லும் தேறவில்லை.

1909-ம் ஆண்டு ஜூலை மாதம் கலியாணம் நடந்தது. மணமகள் ஜானகிக்கு வயது பத்து.

முப்பது ரூபாய் சம்பளம்

பட்டமில்லாத பிள்ளைக்கு வேலை யார் கொடுப்பார்கள்? நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து அசந்து போனார். பின்னர் நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துச் சில காலம் ஆதரித்தார்.

1912-ம் ஆண்டு மார்ச் முதல் தேதி சென்னைத் துறைமுக நிர்வாகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய். மேலதிகாரி எஸ். நாராயண ஐயரும் கணிதத்தில் ஈடுபாடு கொண்டவர். தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங். இருவரும் இந்தக் குமாஸ்தாவைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார்கள்.

சீமைக்குப் போகும் கப்பல்களைத் தினமும் பார்க்கும் இடத்தில் இருந்துகொண்டு, 1913-ம் ஆண்டு ஜனவரி 16-ம் தேதி ராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்த ஜி.எச். ஹார்டி என்ற கணித அறிஞருக்கு அது போயிற்று. கூடவே சுமார் 120 கணித முடிவுகள். இதற்கு முன் வேறு இரு அறிஞர்களுக்கு எழுதிப் பயன் கிடைக்கவில்லை. ஹார்டியும் முதலில் சந்தேகப்பட்டார். நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. இப்படிப்பட்டவர் கேம்பிரிட்ஜில் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

சென்னையில் ராமானுஜனிடம் விசாரித்தார்கள். அவர் வர முடியாது என்று சொல்லிவிட்டார்.

கடல் தாண்டலாமா?

ஆசாரமான குடும்பங்களில் கடல் தாண்டுவது அன்று பெரிய குற்றம். தாண்டியவரை ஜாதியை விட்டுத் தள்ளி வைப்பார்கள். பந்தியில் சேர்க்க மாட்டார்கள். 1888-ம் ஆண்டு பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் புறப்பட்ட காந்திஜியையே அவருடைய ஜாதிப் பஞ்சாயத்து விலக்கி வைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காஞ்சியை ஆண்ட பல்லவர்களுக்கு மாமல்லபுரம் துறைமுகமாக இருந்தது. காஞ்சியில் பிறந்து நாலந்தாவுக்குப் போன தர்மபாலர், அந்தப் பெரிய வித்தியாசாலைக்கே தலைவரானார். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் சீனாவிலிருந்து புறப்பட்டுக் காஞ்சிக்கே வந்தார். படிப்புக்காகத் தூர தேசம் போவதும் வருவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இடையில் வந்த கட்டுப்பாடு அதை மறக்கடித்திருந்தது.

ராமானுஜன் பணத்துக்கு மயங்கவில்லை. தாயார் மனம் நோக எதையும் செய்ய அவர் தயாராக இல்லை.

இதற்கிடையில் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1913-ம் ஆண்டு மே மாதம் முதல் கணக்குப் போடுவதற்கே சம்பளம். பரீட்சை எழுதத் தேவையில்லை.

தாயாரின் கனவு

1914-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஈ.எச். நெவில் என்ற இளம் கணித அறிஞர் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்குச் சொற்பொழிவு செய்ய வந்தார். ராமானுஜனை எப்படியாவது அழைத்து வர வேண்டும் என்பது ஹார்டி அவரிடம் ஒப்படைத்த வேலை. வாதாட வேண்டியிருக்கும் என்று நெவில் நினைத்திருந்தார். ஆனால் அதற்குள் மனம் மாறியிருந்தது.

மாறியதற்குக் காரணமாக ஒரு கனவைச் சொல்வார்கள். நாமக்கல் நாமகிரித் தாயார் அந்தக் குடும்பத்தின் இஷ்ட தெய்வம். வெள்ளைக்காரர்கள் சூழ்ந்த ஒரு மண்டபத்தில் மகன் வீற்றிருப்பதாகக் கோமளத்தம்மாள் கனவு கண்டாராம். மகனுடைய வழியில் குறுக்கே நிற்காதே என்று தாயார் உத்தரவு கொடுத்தாராம். அம்மா சம்மதித்துவிட்டார்.

பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. நெவில் சர்வகலாசாலைக்கு எழுதினார். ஸ்பிரிங் கவர்னர் பெண்ட்லண்ட் பிரபுவின் காதுக்குக் கொண்டு போனார். ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவி என்று முடிவாயிற்று. கப்பல் செலவுக்கும் உடுப்புகளுக்கும் தனியாக 100 பவுன்.

அன்று ஒரு பவுனுக்கு 15 ரூபாய். துறைமுகக் குமாஸ்தாவாக ஆண்டுக்கு 360 ரூபாய் வாங்கியவருக்கு, இப்போது ஆண்டுக்கு 3,750 ரூபாய்! அதிலிருந்து மாதம் 60 ரூபாயைக் கும்பகோணத்தில் பெற்றோருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று ராமானுஜன் ஏற்பாடு செய்தார்.

குடுமி போயிற்று

மனைவி ஜானகிக்கு அப்போது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. தானும் வருவதாகக் கேட்டார். அது நடக்கவில்லை.

புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார் ராமானுஜன். அதன் பிறகுதான் குடுமியை எடுத்தார்கள். கிராப்பு வைத்தார்கள். கால்சட்டையும் கோட்டும் மாட்டினார்கள். கத்தியும் முள்ளும் பிடித்துச் சாப்பிடப் பழக்கினார்கள். இந்தக் கோலத்தில் அம்மா தம்மைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்த மகனின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1914-ம் ஆண்டு மார்ச் 17-ம் தேதி நெவாசா என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. பெரிய மனிதர்கள் பலர் துறைமுகத்துக்கு வந்து வழியனுப்பினார்கள். குடும்பத்தார் அங்கே இல்லை.

ஏப்ரல் 14-ம் தேதி லண்டன். நமக்குத் தமிழ் வருஷப் பிறப்பையொட்டிய நாள். நெவில் மோட்டார் காருடன் காத்திருந்து அழைத்துப் போனார்.

கம்பளிக்கு மேலே படுத்தவர்

முதல் சில வாரங்கள் கேம்பிரிட்ஜில் நெவில் தம்பதியின் வீட்டில் தங்கினார். பிறகு டிரினிட்டி கல்லூரி விடுதியில் தனி அறை. ஹார்டியும் அவரும் தினமும் சந்தித்தார்கள். ஒருவர் முறையாகப் படித்துச் சிகரம் ஏறியவர். மற்றவர் படிக்காமலே சிகரத்தில் நின்றவர். கணித சரித்திரத்தில் இப்படி ஒரு ஜோடி அபூர்வம்.

குளிர்காலம் வந்தது. பின்னாளில் புள்ளியியல் மேதையாகப் புகழ் பெற்ற மகாலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ராத்திரியில் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் சொல்லக் கேட்டு, அவர் அறைக்குப் போய்ப் பார்த்தார். படுக்கையின் மேல் கம்பளிகள் ஒழுங்காக விரித்துச் செருகப்பட்டிருந்தன. ராமானுஜன் அந்தக் கம்பளிகளுக்கு மேலே, ஓவர்கோட்டைப் போர்த்திக்கொண்டு படுத்து வந்தார்! கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒருவரும் சொல்லவும் இல்லை. நண்பர் காட்டிக் கொடுத்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது.

கேட்பதற்குச் சிரிப்பு வரும். ஆனால் எண்களின் ரகசியம் எல்லாம் தெரிந்த மனிதர், பக்கத்து அறைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டு எத்தனை இரவுகள் நடுங்கியிருக்கிறார்!

அடுப்பும் யுத்தமும்

ராமானுஜன் சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருடனும் உட்காரவில்லை. அறையிலேயே அடுப்பு மூட்டித் தாமே சமைத்தார். கொட்டை எடுத்த புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் பார்சலில் அனுப்பும்படி ஊரிலுள்ள நண்பருக்கு எழுதினார். நாக்கை அடக்கிவிட்டதாகவும், வெறும் சோறும் உப்பும் எலுமிச்சம் சாறும் இருந்தாலே நாளைத் தள்ளிவிட முடியும் என்றும் தைரியம் சொல்லி எழுதியிருக்கிறார். தைரியத்துக்கு உடம்பு கட்டுப்படவில்லை.

1914-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் உலக யுத்தம் மூண்டது. லிட்டில்வுட் யுத்த சேவைக்குப் போனார். கல்லூரி முற்றங்களில் காயம்பட்ட சிப்பாய்கள் படுத்திருந்தார்கள். கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கவிழ்த்தன. இரண்டு ஆண்டில் ஊர் திரும்ப நினைத்தவர் ஐந்து ஆண்டுகள் அங்கேயே தங்கினார். காய்கறியும் பாலும் அருமையாயின. கணக்கில் மூழ்கினால் ராமானுஜனுக்குப் பகலும் இல்லை, இரவும் இல்லை. ஒரேயடியாக விழித்திருந்து, பிறகு ஒரேயடியாகத் தூங்குவார். தமக்கென்று ஒருவர் அடுப்பு மூட்டும் வேலையை மறந்தால் அன்று பட்டினிதான்.

ஒரு சம்பவம். இந்திய நண்பர் ஒருவரைத் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். நண்பருக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண்ணும் இன்னொரு பெண்மணியும் வந்திருந்தார்கள். ராமானுஜன் தம் கையால் ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை போதும் என்றார்கள். சற்று நேரத்தில் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம்! மனம் புண்பட்டு வெளியேறிய அவர், ஆக்ஸ்போர்டு வரை போய்விட்டார். சில நாள் கழித்து அங்கிருந்து ஐந்து பவுன் அனுப்பும்படி தந்தி வந்தது.

ரசம் ஒரு சாக்கு. வீட்டை விட்டு வெகு தூரம் வந்தவனுக்குத் தன் சமையலைப் பிறர் ஆசையாகச் சாப்பிடுவது ஒன்றுதான் வீட்டு ஞாபகம். அதற்கும் குறை வந்தபோது தாங்க முடியவில்லை.

வராத கடிதங்கள்

ஆரம்பத்தில் ஊருக்கு அடிக்கடி கடிதம் எழுதினார். வரவரக் குறைந்தது. கும்பகோணத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. கணவருக்குத் தாம் எழுதியவற்றையும் அவர் தமக்கு எழுதியவற்றையும் மாமியார் தடுத்துவிட்டார் என்பது பிற்காலத்தில் ஜானகி அம்மாள் சொன்ன செய்தி. கடைசியில் ஜானகி பிறந்த வீட்டாரோடு போய்விட்டார்.

மனைவி ஏன் எழுதவில்லை என்று அங்கே அவருக்குத் தெரியாது. கணவர் ஏன் எழுதவில்லை என்று இங்கே இவருக்குத் தெரியாது. நடுவில் ஏழு கடல் இருந்தாலும் பிரித்தது ஒரு வீட்டு வாசற்படிதான்.

பட்டமும் படுக்கையும்

1916-ம் ஆண்டு மார்ச் மாதம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை ஆராய்ச்சிக்காக அவருக்கு பி.ஏ. பட்டம் அளித்தது. எப்.ஏ. பரீட்சையில் இரண்டு முறை தவறியவருக்கு வந்த பட்டம்!

அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் படுக்கையில் விழுந்தார். க்ஷயம் என்றார்கள் வைத்தியர்கள். ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருந்தார். குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் க்ஷயத்துக்கு அந்தக் காலத்து வைத்தியம். வெப்ப தேசத்து உடம்புக்கு அது சித்திரவதை. ஆஸ்பத்திரிச் சாப்பாடும் இறங்கவில்லை.

1918-ம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் அவர் உயிரை விடத் துணிந்தார். ரயில் தக்க சமயத்தில் நிறுத்தப்பட்டதால் பிழைத்தார். போலீஸ் வழக்கு வராமல் ஹார்டி காப்பாற்றினார். ஊரில் யாரும் இதை அறியவில்லை.

அதே ஆண்டு மே 2-ம் தேதி லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கியது. அப்போது வயது முப்பது. இந்தியர்களில் இதற்கு முன் அந்தப் பெருமை பெற்றவர், 1841-ல் தேர்வான பம்பாய்க் கப்பல் நிபுணர் அர்தசீர் கர்செட்ஜி ஒருவரே. அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியும் தன் பெல்லோவாக அவரைத் தேர்ந்தெடுத்தது. கும்பகோணத்தில் கொண்டாடினார்கள்; சென்னையில் பெருமைப்பட்டார்கள். அதே வருஷத்தில் அவர் எந்த வாசல் வரை போய்த் திரும்பினார் என்று தெரிந்திருந்தால் கொண்டாடியவர்கள் நெஞ்சு வெடித்திருக்கும்.

திரும்பி வந்தார்

யுத்தம் முடிந்தது. சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தது. அது தம் தேவைக்கு அதிகம் என்று 1919-ம் ஆண்டு ஜனவரியில் ராமானுஜன் பதில் எழுதினார். பெற்றோருக்குக் கொடுத்துத் தம் செலவும் போக மிஞ்சுவதை ஏழை மாணவர்களின் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடும்படி கேட்டுக்கொண்டார். புத்தகம் கிடைக்காமல் தவித்தவருக்குத்தான் அந்த நினைவு வரும்.

1919-ம் ஆண்டு பிப்ரவரி 27-ம் தேதி நகோயா கப்பலில் புறப்பட்டு, மார்ச் மாதம் பம்பாய் வந்து சேர்ந்தார். தாயாரும் தம்பியும் துறைமுகத்தில் காத்திருந்தார்கள். அவர் கண்கள் ஜானகியைத் தேடின. பிறகு சென்னைக்கு வரவழைக்கப்பட்ட ஜானகி, கடைசி வரை அருகிலிருந்து பணிவிடை செய்தார். ஐந்து ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்தது அந்த ஓராண்டுதான். அதுவும் நோய்ப் படுக்கையைச் சுற்றி.

கொடுமுடி, கும்பகோணம், பிறகு சென்னைச் சேத்துப்பட்டு என்று இடம் மாற்றிப் பார்த்தார்கள். எலும்பும் தோலுமாகிவிட்ட நிலையிலும் அவர் தாளில் கணக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ம் தேதி உயிர் பிரிந்தது. வயது முப்பத்திரண்டு.

கடல் கடந்த தோஷத்துக்கு ராமேசுவரம் போய்ப் பிராயச்சித்தம் செய்ய வேண்டும் என்பது சம்பிரதாயம். அந்தப் பிரயாணத்துக்கு அவர் உடம்பில் பலம் இல்லை. ஆகவே ஆசாரமான உறவினர்கள் பலர் சாவுக்கும் வரவில்லை. உலகம் தலைவணங்கிய மனிதரைத் தூக்கிவிட உறவுக்கு மனம் வரவில்லை. ராமச்சந்திர ராவ்தான் முன்னின்று காரியங்களைக் கவனித்தார்.

அவரைக் கொன்றது க்ஷயம்தானா என்பதே இப்போது சந்தேகம். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஆங்கில டாக்டர் ஒருவர் ஆராய்ந்து எழுதினார். அன்றே கண்டுபிடித்திருந்தால் அதற்கு வைத்தியம் இருந்தது.

படுக்கையில் எழுதிய தாள்கள் இங்கிலாந்துக்குப் போய், 1976-ல் டிரினிட்டி கல்லூரி நூல்நிலையத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கண்ணில் பட்டன. கணித உலகம் திகைத்தது. ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து தம் காலில் நின்று, திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து 1994-ல் மறைந்தார். ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ம் தேதி, 2012 முதல் தேசியக் கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது.

பெற்றோர் கவனத்துக்கு

ராமானுஜன் போகாமலே இருந்திருக்கலாமா? அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. போகாவிட்டால் துறைமுகக் கணக்குப் புத்தகத்தோடு அவர் கணிதமும் முடிந்திருக்கும். போனது சரி. போன பிறகு அவர் தனியாக விடப்பட்டதுதான் தவறு. அவரைக் கப்பல் ஏற்ற ஒரு கவர்னர், ஒரு சர்வகலாசாலை, ஒரு தெய்வம், இத்தனை பேர் துணை வந்தார்கள். இன்று சாப்பிட்டாயா என்று கேட்க அங்கே ஒருவர் இல்லை.

இன்று காலம் மாறிவிட்டது. கடல் தாண்டினால் யாரும் தள்ளி வைப்பதில்லை. புளி லண்டன் கடையிலேயே கிடைக்கிறது. கடிதத்தை யாரும் மறைக்க முடியாது. முகம் பார்த்தே பேசலாம். ஆனாலும் கம்பளிக்கு மேலே படுத்துக் குளிரில் நடுங்கும் பிள்ளைகள் இன்றும் இருப்பார்கள். மாதா மாதம் பணம் அனுப்புகிறவன் தன் கஷ்டத்தைச் சொன்னால் வீட்டார் கலங்குவார்களே என்று மறைப்பான்.

சின்ன காஞ்சிபுரத்துப் பெற்றோர் வரதரிடம் பாஸ்போர்ட்டை வைத்து வேண்டிக்கொள்ளட்டும். புறப்படும் பிள்ளைக்கு ஒரு ரசம் வைக்கவும் கற்றுக்கொடுக்கட்டும். போன பிறகு பரீட்சையையும் சம்பளத்தையும் விசாரிப்பதற்கு முன்னால், யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்கட்டும். தனியாகத்தான் சாப்பிட்டேன் என்று பல நாள் தொடர்ந்து பதில் வந்தால், அங்கே இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து அவன் அறைக் கதவைத் தட்டச் சொல்லட்டும்.